பத்துப் பேர் கேட்டால் மெனு மாறும்

மேற்கு மாம்பலத்தில் நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் மொத்தம் பதினாறு இருக்கை. அடுப்படிக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே ஒரு அரைச் சுவர்தான். அதற்கு மேலே தோசை மாஸ்டரின் கை தெரியும். மாவை ஊற்றி இழுப்பார், ஓரத்தில் எண்ணெய் விடுவார், அப்புறம் இடது பக்கம் இருக்கும் எவர்சில்வர் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி நெய். யாரும் கேட்காமலேயே விடுவார். நெய் வாசனை வந்தால்தான் வந்தவருக்குத் திருப்தி என்பது அவர் இத்தனை வருஷத் தொழிலில் கற்றுக்கொண்டது. அந்தக் கை கிண்ணத்துக்குப் போவதற்கு முன்னால் "அண்ணே, எனக்கு எண்ணெய் மட்டும், நெய் வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் தோசை போச்சு. முதல் ஆறு மாதம் இப்படித்தான் ஓடியது. இப்போது நான் உள்ளே நுழைந்ததுமே அவர் கிண்ணத்தை ஒரு சாண் தள்ளி வைக்கிறார்.

அந்த ஒரு சாண் நகர்வதற்கு என்னென்ன வேண்டியிருந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பால் பொருள் இல்லாத சாப்பாட்டுக்கு மாறிய நண்பர்கள் பலர் "நமக்கென்று ஒரு கடை இல்லையே" என்று அங்கலாய்க்கிறார்கள். கடை வந்தாலும் நிலைப்பதில்லை. தென்சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு குட்டி வீகன் கஃபே இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூடுகிறோம் என்று அறிவித்த அன்று வருத்தம் தெரிவித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். கடைசி மூன்று மாதத்தில் நான் அங்கே போனது ஒரே ஒரு முறை. பிடித்த கடையைக் காப்பாற்ற மனசில் பிடித்திருந்தால் மட்டும் போதாது என்பது அன்றைக்கு உறைத்தது.

சொல் தெரியாது, சாப்பாடு தெரியும்

பால், தயிர், நெய், வெண்ணெய், தேன், முட்டை, மீன், கறி எதையும் தொடாத உணவுமுறைக்கு வீகன் என்ற பெயர் 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. டொனால்ட் வாட்சனும் அவரோடு சேர்ந்த சிலரும், பாலும் முட்டையும் சாப்பிடும் சைவர்களிடமிருந்து தங்களைத் தனியே குறிப்பிட ஒரு சொல்லைத் தேடி அதை உண்டாக்கினார்கள். தமிழில் நனிசைவம் என்கிறோம். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கல்லாவில் நின்று "நனிசைவம் இருக்கா" என்று கேட்டால் பதில் வராது. "வீகன் இருக்கா" என்றாலும் பெரும்பாலான கடைகளில் வராது. முதல் தடவை நான் அப்படிக் கேட்டபோது சப்ளையர் தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், இது ப்யூர் வெஜ்தான், பயப்படாம சாப்பிடுங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நம் நாட்டில் பச்சைப் புள்ளி போட்டிருந்தால் சைவம். அந்தப் புள்ளிக்குள் பாலுக்கும் நெய்க்கும் தேனுக்கும் இடம் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021 செப்டம்பரில் நனிசைவத்துக்கென்று தனிச் சின்னம் வெளியிட்டது. பச்சை நிற 'வி' எழுத்தும் அதன் மேல் ஒரு சின்னச் செடியும். 2022-ல் அதற்கான விதிமுறைகளும் வந்தன. ஆனால் அது பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளுக்கு உரியது. இலையில் விழும் சாம்பாருக்குச் சின்னம் ஒட்ட முடியாது. அங்கே நாம் வாய் திறந்து பேசுவதுதான் வழி.

எனவே கொள்கையின் பெயரைச் சொல்லாமல் பொருளின் பெயரைச் சொல்வது நல்லது. "பால், தயிர், நெய், வெண்ணெய் நாலும் இல்லாம என்ன இருக்கு?" இப்படிக் கேட்டால் எந்த மாஸ்டருக்கும் உடனே புரிகிறது. சரக்கு மாஸ்டர் ஒருவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னதை மறக்க முடியாது. இட்லி, இடியாப்பம், புட்டு, அடை, காரக்குழம்பு, ரசம், ரெண்டு பொரியல், புளியோதரை, எலுமிச்சை சாதம், பருப்புத் துவையல், சுண்டல். எண்ணி முடித்ததும் அவருக்கே ஆச்சரியம். "பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கு சார், நாங்க கவனிச்சதே இல்ல." தமிழ்ச் சமையலில் கொழுப்புக்கும் குழைவுக்கும் தேங்காயும் எள்ளும் கடலையும் இருக்கின்றன. திருநெல்வேலிச் சொதியும் யாழ்ப்பாணத்துச் சொதியும் தேங்காய்ப் பாலில் நிற்பவை. இனிப்பில்கூட முதலூர் மஸ்கோத் அல்வா இருக்கிறது. நெய்யே படாமல் தேங்காய்ப் பாலிலேயே கிண்டி எடுப்பது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குக் கடலையும் வெல்லப்பாகும் போதும்.

இதனால்தான், ஆதரிக்க வேண்டிய கடை என்றதும் பலகையில் வீகன் என்று எழுதிய கடையை மட்டும் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிப்பட்ட கடைகள் சென்னை, புதுச்சேரி, கோவை மாதிரி ஊர்களில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கின்றன. அவற்றுக்குப் போக வேண்டும், கட்டாயம் போக வேண்டும். ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கும் சைவ மெஸ்களில் ஏற்கெனவே பாதிச் சமையல் நமக்கானது. மீதிப் பாதியில் கொஞ்சம் நம் பக்கம் நகர்ந்தாலே போதும்.

கழித்தலும் மாற்றலும்

கடைக்காரரிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இரண்டு வகை. ஒன்று கழித்தல், மற்றது மாற்றல். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

நெய் ஊற்றாதீர்கள் என்பது கழித்தல். கடைக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நெய்யை விட எண்ணெய் விலை குறைவு, அதனால் மிச்சம்தான். ஆனால் அதற்கு ஒருவரின் கவனம் செலவாகிறது. பகல் 1 மணி நெரிசலில், பதினாறு இலையும் நிறைந்து வாசலில் எட்டுப் பேர் நிற்கும்போது, அந்தக் கவனம்தான் கடையில் இருக்கும் மிக அரிதான பொருள். அதனால் கழித்தல் கேட்பவர்கள் 12 மணிக்கோ 2 மணிக்கு அப்புறமோ போவது நல்லது. சாதாரண விஷயம் போலத் தெரியும். ஆனால் நெரிசல் நேரத்தில் ஐந்து கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் தொந்தரவு. அதே ஐந்து கேள்வியை 2.15 மணிக்குக் கேட்பவரிடம் மாஸ்டர் வெளியே வந்து நின்று பேசுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

அந்தப் பேச்சில்தான் நான் அதுவரை யோசித்தே பார்க்காத இடங்களில் எல்லாம் பால் ஒளிந்திருப்பது தெரிந்தது. பொங்கல், கேசரி, பருப்பு நெய் எல்லாருக்கும் தெரிந்தது. அவியலிலும் ரவா இட்லியிலும் தயிர் இருக்கும் என்பதும் ஊகிக்கக்கூடியது. குருமாவில் சில கடைகளில் தயிர் சேர்ப்பார்கள். பரோட்டா மாவில் சில இடங்களில் பாலும் முட்டையும் சேரும். நான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வத்தக்குழம்பில்தான் எனக்கு அடி. சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோரில் ஊறப்போட்டுக் காயவைப்பது பரவலான பழக்கம். மோர் மிளகாயின் பெயரிலேயே மோர் இருக்கிறது, ஆனாலும் எத்தனை நாள் கடித்திருக்கிறேன்! இதைச் சொன்ன மாஸ்டர், "வேணும்னா உப்புத் தண்ணியில ஊறப்போட்ட வத்தலா வாங்கிப் போடலாம், கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றார். அடுத்த மாதம் அப்படித்தான் வாங்கிப் போட்டார். அதைச் சாப்பிட்ட மற்ற யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மாற்றல் வேறு கதை. பால் காபிக்குப் பதில் சோயாப் பால் காபி, பால் பாயசத்துக்குப் பதில் தேங்காய்ப் பால் பாயசம், தயிர் சாதத்துக்குப் பதில் கடலைத் தயிர் சாதம். இங்கே கடைக்குச் செலவு உண்டு, உழைப்பு உண்டு, வீணாகும் அபாயமும் உண்டு. கடையில் வாங்கும் பாதாம் பாலோ ஓட்ஸ் பாலோ ஆவின் பாலை விடப் பல மடங்கு விலை. ஒரு லிட்டர் அட்டைப் பெட்டியைத் திறந்துவிட்டால் சில நாளில் தீர்க்க வேண்டும். ஒரே ஒருவர் வந்து ஒரே ஒரு காபி குடித்துவிட்டுப் போனால் மீதி சாக்கடைக்குத்தான். ஆகவே மாற்றலுக்குக் கூடுதலாக இருபதோ முப்பதோ ரூபாய் போட்டால் முகம் சுளிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். "பாலே ஊத்தல, அப்புறம் எதுக்கு எக்ஸ்ட்ரா?" என்று கல்லாவில் சண்டை போட்ட ஒருவரை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரம் அந்த ஐட்டம் பலகையிலிருந்து காணாமல் போனது.

சின்னக் கடையில் ஒரு வழி இருக்கிறது. மாற்றலைத் தவிர்த்துவிட்டு, ஏற்கெனவே பால் இல்லாததைக் கேட்பது. காபிக்குப் பதில் சுக்கு காபியோ கருப்பட்டி போட்ட கடுங்காப்பியோ கேட்டால் எந்த டீ மாஸ்டரும் ஒரு நிமிஷத்தில் போட்டுத் தருவார். கொங்குப் பக்கம் வரக்காப்பி என்று சொன்னால் போதும்.

சனிக்கிழமைப் பாயசம்

இந்த மெஸ்ஸை ஒரு அக்காவும் அவர் கணவரும் நடத்துகிறார்கள். சமையல் பொறுப்பு அக்காவுடையது. ஒரு நாள் நான் போகிற போக்கில், "அக்கா, தேங்காய்ப் பால்ல பாயசம் வச்சா நாங்க நாலஞ்சு பேர் சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பி அடுத்த சனிக்கிழமை இருபது கப்புக்குச் செய்துவிட்டார். ஆறு தேங்காயை உடைத்து, துருவி, அரைத்து, முதல் பால் தனியே இரண்டாம் பால் தனியே பிழிந்தெடுக்க ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. அன்று விற்றது ஏழு கப். நாலஞ்சு பேர் என்று நான் சொன்னவர்களில் வந்தது இரண்டு பேர்.

தேங்காய்ப் பாலுக்குப் பசும்பாலின் பொறுமை கிடையாது. மீந்த பசும்பாலை உறை ஊற்றலாம், தயிர் மீந்தால் மோராக்கலாம், அதுவும் மீந்தால் மறுநாள் மோர்க்குழம்பு. ஒரு சைவ ஓட்டலின் அடுப்படியில் பால் வீணாகாமல் போவதற்கு இப்படிப் படிப்படியாக வழி இருக்கிறது. தேங்காய்ப் பால் சென்னை வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். மீந்தால் கொட்டத்தான் வேண்டும். 2025-ல் தேங்காய் விலை தாறுமாறாக ஏறியபோது இந்தக் கணக்கு இன்னும் இறுகியது. நல்ல மனசுள்ள கடைக்காரர்கள்கூட நனிசைவ ஐட்டத்தை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுக் கைவிடுவதற்கு இதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஆர்வம் இல்லாமல் இல்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத ஒரு பொருளுக்கு ஆறு தேங்காயை உடைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

அந்த ஏழு கப் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்குக் குற்ற உணர்ச்சி. பக்கத்துத் தெருக்களில் இருக்கும் தெரிந்தவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். விதி ஒன்றே ஒன்று: வியாழன் இரவு 9 மணிக்குள் எத்தனை கப் என்று சொல்ல வேண்டும், சொன்னால் வராவிட்டாலும் காசு கொடுக்க வேண்டும். முதல் வாரம் ஒன்பது கப். மூன்றாம் வாரம் பதினான்கு. அக்கா எங்கள் எண்ணிக்கைக்கு மேல் பத்துக் கப் சேர்த்து வைக்க ஆரம்பித்தார், அதுவும் விற்றது. இப்போது சனிக்கிழமை அந்தப் பாயசம் வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் பால் குடிக்கிறவர்கள்தான். அவர்களுக்கு அது நனிசைவப் பாயசம் இல்லை. கருப்பட்டியும் ஏலக்காயும் போட்ட நல்ல பாயசம், அவ்வளவுதான்.

ஒருவர் தனியாகக் கேட்டால் அது சலுகை. கடைக்காரர் முகத்துக்காகச் செய்வார், ஒரு நாள் நிறுத்திவிடுவார். பத்துப் பேர் ஒரே கிழமையில், ஒரே பொருளை, முன்கூட்டியே கேட்டால் அது வியாபாரம். மெனு பலகையில் சாக்பீஸால் எழுதிய வரி பெயிண்டால் எழுதப்படுவது அப்போதுதான்.

நவம்பர் 1 உலக நனிசைவ நாள் என்று அன்றைக்கு மட்டும் கும்பலாகப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறோம். 1994-லிருந்து கொண்டாடப்படும் நாள், நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் நாற்பது பேர் வந்து மறுநாள் யாரும் வராமல் போவது சின்ன அடுப்படிக்கு உபகாரம் இல்லை. அந்த நாற்பது பேரும் வாரத்துக்குப் பத்துப் பேராகப் பிரிந்து வந்தால் ஒரு மாதம் ஓடும். அதை விட எனக்குப் புரட்டாசி மேல் நம்பிக்கை அதிகம். தமிழ்நாட்டில் ஏராளமான குடும்பங்கள் அந்த மாதம் கறி மீனை ஒதுக்கிவிட்டுச் சைவக் கடைகளை நிரப்புகின்றன. புது ஐட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தக் கடைக்காரருக்கு அதை விட நல்ல நேரம் கிடையாது. நம் யோசனையை ஆவணி கடைசியில் சொல்லிவைத்தால் பலன் இருக்கும்.

இருநூறு ரூபாய் எங்கே போகிறது

சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு எந்த வழியாகப் போகிறது என்பதும் ஆதரவின் ஒரு பகுதி. உணவு டெலிவரி ஆப்களில் கமிஷன் கடைக்குக் கடை மாறும். பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு வரை பிடிப்பதாக ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள். 25 என்றே வைத்துக்கொள்வோம். 200 ரூபாய் ஆர்டரில் 50 ரூபாய் கமிஷன். அந்தக் கமிஷன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 9 ரூபாய். உணவகங்கள் 2017 நவம்பரிலிருந்து 5 விழுக்காடு வரியில் இருக்கின்றன. அந்த வரி விகிதத்தில் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது, அதனால் இந்த 9 ரூபாயைத் திரும்பப் பெறவும் வழியில்லை. 200-ல் 59 போய்விட்டது. மீதியில் அரிசி, காய், 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், வாடகை, மாஸ்டர் சம்பளம், டப்பா எல்லாம் அடங்க வேண்டும்.

இந்த நெருக்கடி வெளியே தெரியாத ஒன்றல்ல. தேசிய உணவக சங்கத்தின் புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் ஸொமேட்டோ, ஸ்விக்கி மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலையில் நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று ஆப் ஆர்டர்களையே நிறுத்தினார்கள்.

ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக வந்த ஒரு நனிசைவக் கடையை ஊரின் மறுகோடியில் இருப்பவர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது உதவி. வண்டி ஓட்டும் தம்பிகளின் பிழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் கடை நடந்து போகும் தூரத்தில் இருந்தால், ஃபோனில் சொல்லிவிட்டு நேரில் போய் வாங்குவது கடைக்கு அப்படியே ஐம்பது, அறுபது ரூபாய் சேர்ப்பதற்குச் சமம். ஆப்பில் பெரும்பாலும் விலையையும் ஏற்றித்தான் போடுகிறார்கள், அதனால் நமக்கும் மிச்சம். காசு கொடுக்கும்போது வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ, இல்லையென்றால் ரொக்கம். யுபிஐயில் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை, கிரெடிட் கார்டு என்றால் பிடிப்பார்கள்.

பார்சலுக்குப் பாத்திரம் கொண்டுபோவதும் அப்படித்தான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1-லிருந்து தடை செய்தது. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று என்று மூடி போட்ட டப்பாக்கள் வாங்க ஒவ்வொரு பார்சலுக்கும் கடைக்குச் செலவு. நான் மூன்றடுக்கு டிபன் கேரியர் கொண்டுபோகிறேன். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கேரியரை நீட்டியதும் அக்காவே வந்து அடுக்கு அடுக்காக நிரப்புவார். எது எதில் என்ன இருக்கிறது என்று அந்த இரண்டு நிமிஷத்தில் பேசிவிடலாம். ஆப் வழியாக "நோ கீ, நோ கர்ட்" என்று எழுதி அனுப்பும் குறிப்பை அடுப்படியில் யார் படிக்கிறார்கள்?

மாதச் சாப்பாடு பழக்கம் பல மெஸ்களில் இன்னும் இருக்கிறது. முதல் தேதி பணம் கட்டி டோக்கன் வாங்கிக்கொள்வது. கமர்ஷியல் சிலிண்டர் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாற்றுவது பெரும்பாலும் மாதத்தின் முதல் நாளில்தான், மளிகைப் பாக்கியும் அப்போதுதான் வந்து நிற்கும். அந்த நேரத்தில் கையில் வரும் முப்பது சாப்பாட்டுக் காசு, மாதம் முழுக்கச் சில்லறையாக வரும் அதே காசை விட மதிப்புள்ளது. இன்னும் பெரியது வீட்டு விசேஷம். பிறந்தநாளோ கிரகப்பிரவேசமோ அலுவலக விருந்தோ, நாற்பது பேருக்கு அந்த மெஸ்ஸிலேயே பால் பொருள் இல்லாத சாப்பாடு சொன்னால், ஒரே நாளில் பல நாள் வியாபாரம். எண்ணிக்கை முன்பே தெரிவதால் எதுவும் வீணாகாது. மாஸ்டரும் தைரியமாகப் புதிதாக ஒன்று செய்து பார்ப்பார். என் அண்ணன் மகள் பிறந்தநாளுக்கு அப்படிச் சொன்னபோதுதான் முந்திரிப் பால் ஊற்றிய வெஜிடபிள் குருமா பிறந்தது. இப்போது ஞாயிறு இரவு இடியாப்பத்துக்கு அதுதான்.

ஒரே கல், ஒரே கரண்டி

நம்மவர்களுக்குள்ளேயே வாதம் வரும் இடம் ஒன்று உண்டு. நெய் ரோஸ்ட் சுட்ட அதே கல்லில்தானே நமக்கும் தோசை? தனிக் கல், தனிக் கரண்டி வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் உணர்வை மதிக்கிறேன். பால் ஒவ்வாமை உள்ளவர் என்றால் அது உயிர் விஷயம், தெளிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்; கடையால் முடியாவிட்டால் அங்கே சாப்பிடக் கூடாது. ஆனால் ஒவ்வாமை இல்லாத நாம், பதினாறு இருக்கை மெஸ்ஸில் இரண்டாவது கல் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சார், உங்களுக்கு வேற கடைதான் சரி." அடுப்பில் இடமே இல்லை. நான் கேட்பதெல்லாம், கல்லை ஒரு தடவை தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள் என்பதுதான். எந்த மாஸ்டரும் இதற்கு முகம் கோணியதில்லை. தனிக் கல் வரட்டும், கேட்பவர்கள் கூடினால் தானாக வரும்.

தப்பு நடந்தாலும் அதே அணுகுமுறைதான். ஒரு முறை சாம்பாரில் நெய் தாளித்துவிட்டார்கள், இன்னொரு முறை "நெய் இல்லை" என்று சொன்ன பொங்கலில் நெய் மணத்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுவது சுலபம். நான் மாஸ்டரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். பிறகு தெரிந்தது, அன்றைக்குப் புது ஆள் அடுப்பில் நின்றிருக்கிறார். சொல்லிவைக்க ஆள் இல்லை. இப்போது சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது; எந்தெந்தப் பண்டத்தில் பால் பொருள் என்று அக்கா கைப்பட எழுதியது.

எழுதுவதாக இருந்தால் பயன்படும்படி எழுதலாம். "அருமை, கட்டாயம் போங்க" என்பதால் புதிதாக வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பண்டத்தில் என்ன இல்லை, எந்தக் கிழமை கிடைக்கும், எப்போது கேட்டு உறுதி செய்தோம், மெனு பலகையின் படம், இவ்வளவு இருந்தால் போதும். கூகுள் மேப்ஸில் கடைப் பக்கத்தில் வீகன் வகைகள் உண்டா என்று குறிக்கும் வசதி இருக்கிறது. 1999-லிருந்து இயங்கும் ஹேப்பிகவ் தளத்தில் உலகம் முழுக்க நனிசைவம் கிடைக்கும் கடைகளைப் பயணிகளும் உள்ளூர்க்காரர்களும் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். நம் தெரு மெஸ் அதில் இருக்காது, ஏனென்றால் நடத்துகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாம்தான் சேர்க்க வேண்டும். அதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

கூட யாரை அழைத்துப் போகிறோம் என்பது இதெல்லாவற்றையும் விடக் கனமானது. நனிசைவர்களை மட்டும் நம்பி ஒரு கடையும் பிழைக்க முடியாது. மூடிப்போன அந்தக் கஃபேயில் மதிய நேரம் ஆறு மேஜையில் நாலு மேஜை எங்களைப் போன்றவர்கள், ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு காபி, மூன்று மணி நேரம். எங்கள் வீட்டு ஆட்களையோ அலுவலக நண்பர்களையோ நாங்கள் அங்கே கூட்டிக்கொண்டு போனதே இல்லை; அவர்களுக்குப் பிடிக்காது என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். இந்த மெஸ்ஸுக்கு என் அம்மாவை அழைத்துப் போனபோது வீகன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "அம்மா, இங்க காரக்குழம்பு நல்லா இருக்கும்" என்றேன், அவ்வளவுதான். தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காத அம்மா, அன்றைக்கும் தயிர் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். ஆனால் மறுவாரம் தன் சிநேகிதிகள் மூன்று பேரோடு அவரே போய்விட்டு வந்தார்.

அந்தத் தயிர்தான் எங்களுக்கும் இன்னும் எட்டவில்லை. போன மாதம் அக்கா வீட்டிலேயே நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து, பால் எடுத்துக் காய்ச்சி, ஆறவிட்டு, பச்சை மிளகாய்க் காம்பு போட்டு உறைய வைத்துப் பார்த்திருக்கிறார். முதல் தடவை நீர்த்துவிட்டது. இரண்டாம் தடவை உறைந்தது, ஆனால் கடலை வாசனை கொஞ்சம் தூக்கல். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சாதத்தில் பிசைந்து எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் புளிக்கலாம் என்றேன். "புளிக்க வைக்கிறது பெரிசில்ல தம்பி, வாரத்துக்கு எத்தனை பேர் சாப்பிடுவீங்க, அதைச் சொல்லு" என்றார். குழுவில் கேட்டிருக்கிறேன். இன்று காலை வரை ஆறு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் வேண்டும்.